வீட்டு நெட்டுக்குக் காவல்: வாசலிலா, ஃபோனிலா, கணக்கிலா?

தங்கை ஃபோன் செய்தபோது நான் ரயிலில் இருந்தேன். "அண்ணா, நெட்டே வரல. வைஃபை சிம்பல் இருக்கு, ஆனா எதுவும் திறக்க மாட்டேங்குது" என்றாள். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னேன். போட்டாள், வரவில்லை. "டிவிக்குப் பின்னாடி ஒரு குட்டிப் பெட்டி இருக்கும் பாரு. அதுல பச்சை லைட் சிமிட்டுதா?"

"இல்லண்ணா. சிவப்பு மட்டும்தான் எரியுது."

விஷயம் புரிந்துவிட்டது. அந்தப் பெட்டி ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி. உள்ளே பை-ஹோல் என்ற இலவச மென்பொருள். விளம்பரங்களையும் மோசடித் தளங்களையும் அவள் வீடு முழுமைக்கும் தடுப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நான் அமைத்தது. நாள் முழுக்கப் பதிவுகளை எழுதி எழுதி அதன் மெமரி கார்டு செத்துப்போயிருந்தது. வீட்டிலிருந்த எல்லாக் கருவிகளும் இணைய முகவரி கேட்டு அதனிடம்தான் போகும் என்பதால், அது படுத்ததும் வீடே படுத்துவிட்டது. பத்து நிமிடத்தில் எல்லோரும் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிட்டார்கள். நான் திரும்பி வரும்வரை மூன்று நாள், எந்தத் தடுப்பும் இல்லாமல்தான் ஓடியது.

அதற்குப் பிறகு, வீட்டு நெட்டுக்கு எது நல்ல பாதுகாப்பு என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அமைத்தவர் ஊரில் இல்லாத அன்று அது என்ன ஆகும்? விலையும் வசதிகளும் அதற்கு அப்புறம். பாதுகாப்பு மென்பொருள்களை ஒப்பிடும் பட்டியல்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. எத்தனை வைரஸைப் பிடித்தது, எத்தனை கருவிக்குப் போடலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன.

எது எந்த வழியாக வருகிறது

காவலை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வதற்கு முன், திருடன் எந்த வழியாக வருகிறான் என்று பார்த்துவிடுவோம். சாதாரணக் குடும்பத்துக்கு மூன்று வழிதான் முக்கியம்.

ஒன்று, பழைய ஓட்டை. வன்னாக்ரை என்ற பிணைப்பணத் தீநிரல் 2017 மே 12 அன்று பரவத் தொடங்கி, சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம். "அப்புறம் அப்டேட் செய்கிறேன்" என்று தள்ளிப்போட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

இரண்டாவது, திறந்தே கிடக்கும் கருவி. 2016-இல் மிராய் என்ற தீநிரல் இணையத்தில் சுற்றி, வீட்டு ரவுட்டர்களையும் கண்காணிப்பு கேமராக்களையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. அதற்கு மாயவித்தை எதுவும் தேவைப்படவில்லை. கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அப்படிச் சேர்ந்த படையை வைத்து அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று தளப் பெயருக்கு எண் தேடித் தரும் டிஎன்எஸ் சேவை நடத்திய டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், ட்விட்டர் முதற்கொண்டு பல பெரிய தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. கேமராவின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. கேமரா வழக்கம்போலப் படம் காட்டிக்கொண்டிருந்திருக்கும்.

மூன்றாவது, நாமே கதவைத் திறந்துவிடுவது. போலி லிங்க், போலி பார்சல் செய்தி, "உங்கள் கணக்கு முடக்கப்படும்" என்ற மிரட்டல். குடும்பங்களில் நான் நேரில் பார்த்த இழப்புகளில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவைதான். மற்ற இரண்டும் கருவியின் பலவீனம். இது மனிதர்களின் அவசரம்.

இனி ஒவ்வொரு ஏற்பாட்டையும் இந்த மூன்று வழிகளோடு வைத்துப் பார்க்கலாம்.

காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸ்

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு காலத்தில் தேவையாகத்தான் இருந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-லிருந்து டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாகக் கூடவே வருகிறது. ஆண்ட்ராய்டில் செயலிகளைச் சோதிக்கும் பிளே ப்ரொடெக்ட் இருக்கிறது. ஐஃபோனில் ஒரு செயலி இன்னொரு செயலிக்குள் எட்டிப் பார்க்கவே முடியாது. எனவே அங்கே ஆன்டிவைரஸ் என்ற பெயரில் விற்கப்படும் எதுவும் மற்றச் செயலிகளைச் சோதிப்பதில்லை. லிங்க் வடிகட்டி, நாம் போகும் தளங்களைச் சேவை நிறுவனத்திடமிருந்து மறைக்கும் விபிஎன், பாஸ்வேர்டு கசிவு எச்சரிக்கை இப்படிச் சிலவற்றை மூட்டையாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை தனித்தனியாக இலவசமாகவே கிடைக்கும்.

இலவச ஆன்டிவைரஸ் என்றால் அதற்கு வேறு கதை. அவாஸ்ட் நிறுவனம் தன் மென்பொருளைப் போட்டவர்களின் உலாவல் தகவல்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. செய்தி வெளியே வந்ததும் 2020-இல் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இந்த விவகாரத்தில் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. வேலிக்கு வைத்த ஆளே வேவு பார்த்த கதை. இலவசம் என்றால் எல்லாமே இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. விண்டோஸோடு வருவதே போதும் என்று இருக்கும்போது இன்னொன்றை இழுத்துப் போட்டுக்கொள்ளக் காரணம் வேண்டுமல்லவா?

காசு கொடுத்து வாங்குவது எப்போது பொருந்தும்? வீட்டில் விண்டோஸ் கணினிகள் நாலைந்து இருந்து, பிள்ளைகள் விளையாட்டை மாற்றும் மாட், காசு கட்டாமல் திறக்கும் கிராக் என்று கண்ட இடத்திலிருந்து இறக்குகிறார்கள், ஒரே திரையில் எல்லாக் கணினியின் நிலையையும் பார்க்க ஒரு பெரியவர் தயாராக இருக்கிறார் என்றால் சரி, வாங்கலாம். இல்லாவிட்டால் அந்தச் சந்தா வீண் என்பது என் கட்சி. ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பணத்தை எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டில், அப்டேட் நின்றுபோன ஒரு பழைய ஃபோனை மாற்றுவதற்கு அது உதவும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த ஆன்டிவைரஸைப் போட்டாலும் அடியில் இருக்கும் ஓட்டையை அது அடைக்காது.

என் அளவுகோலில் வைத்தால்? தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், அமைத்தவர் இல்லாவிட்டாலும் ஓடும். அந்த வகையில் நல்ல மதிப்பெண்தான். ஆனால் சந்தா முடிந்ததும் திரை முழுக்கச் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வரும். அதைப் பார்த்து மிரண்டு, அதே போலத் தோன்றும் போலி எச்சரிக்கைக்கு அட்டை எண்ணைக் கொடுத்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும்.

ரவுட்டர்: ஒரு மணி நேர வேலை

ரவுட்டரிலேயே பாதுகாப்புச் சந்தா விற்கிறார்கள். வேண்டுமா என்று யோசிப்பதற்கு முன், காசே இல்லாமல் செய்யக்கூடியதைச் செய்துவிடுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் போதும், செய்தபின் அதைத் தொட வேண்டியதும் இல்லை. அதனால்தான் எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பெரும்பாலான ரவுட்டர்களின் உள்பக்கம் திறக்கும். எது என்பது பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். தங்கை வீட்டில் நான் இதைத் திறந்தபோது பயனர் பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். வைஃபை பாஸ்வேர்டை மட்டும் அவள் மாற்றியிருந்தாள். இரண்டும் வேறு வேறு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மிராய் தேடி வந்தது இந்த மாதிரிக் கதவுகளைத்தான். அதைக் கருவியிலிருந்து விரட்ட அணைத்துப் போட்டாலே போதும், ஏனென்றால் அது நினைவகத்தில் மட்டும்தான் குடியிருந்தது. ஆனால் பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் சில நிமிடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது டபிள்யூபிஎஸ். பாஸ்வேர்டு அடிக்காமல் பொத்தானையோ எட்டு இலக்க பின்னையோ வைத்து இணைக்கும் வசதி. எட்டு இலக்கம் என்றால் பத்து கோடி வாய்ப்பு, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று தோன்றும். கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண், மற்ற ஏழிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். அதைவிட மோசம், முதல் நாலு இலக்கம் சரியா என்று ரவுட்டர் தனியாகவே பதில் சொல்லிவிடும். ஆக முதல் பாதிக்கு 10,000 முயற்சி, மிச்சமுள்ள மூன்று இலக்கத்துக்கு 1,000. மொத்தம் 11,000 முயற்சியில் கதவு திறந்துவிடும். 2011-இல் இது வெளியே தெரிந்தது. அதன்பின் பல ரவுட்டர்கள் தவறான முயற்சிகளைக் கட்டுப்படுத்தினாலும், அணைத்து வைப்பதால் இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். தானியங்கி அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். வைஃபையைப் பூட்டும் முறைகளில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்ததைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூபிஏ3-ஐ மட்டும் வைத்தால் பழைய கருவிகள் சில சேராது, அப்புறம் வீட்டில் திட்டு விழும். வைஃபை பெயரை மறைத்து வைப்பது, ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்ணைப் (கருவி எண்) பட்டியலிட்டு மற்றதை மறுப்பது இரண்டுமே வீண் உழைப்பு. மறைத்த பெயரைக் கண்டுபிடிக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, கருவி எண்ணை யாரும் போலியாக வைத்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு இப்போதைய ஃபோன்கள் தாங்களே அந்த எண்ணை மாற்றிக் காட்டுகின்றன.

விருந்தினர் வைஃபை பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் விருந்தினருக்கு என்றாலும் அது உண்மையில் பயன்படுவது மின்விளக்கு, கேமரா, பிளக் போன்ற 'ஸ்மார்ட்' சாமான்களுக்குத்தான். இவற்றுக்கு அப்டேட் வருவது அபூர்வம். ஒன்று கெட்டாலும் மடிக்கணினி இருக்கும் பக்கம் எட்டிப் பார்க்காதபடி தனி அறையில் வைத்துவிடுகிறோம். தங்கை வீட்டு ரவுட்டரில் இணைந்திருந்தவற்றின் பட்டியலில் பத்தொன்பது பெயர் இருந்தது. அவளுக்குத் தெரிந்தது பதினொன்று. 'இஎஸ்பி' என்று தொடங்கி ஏதோ எண்ணோடு இருந்த மூன்றைப் பார்த்து இருவருமே கொஞ்ச நேரம் பயந்தோம். ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கை அணைத்துப் பார்த்ததில் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தது. மூன்றுமே பல்புகள்.

பிரிண்டரை விருந்தினர் பக்கம் தள்ளினால் பிரிண்ட் எடுக்க வராது, டிவியைத் தள்ளினால் ஃபோனிலிருந்து படத்தை அனுப்ப முடியாது. நான் இரண்டையும் உள்ளேயே விட்டுவிட்டேன். கொள்கைப்படி தவறு என்று சிலர் சொல்வார்கள். தினமும் நாலு தடவை எரிச்சல் தரும் பாதுகாப்பை யாராவது ஒருநாள் கழற்றி எறிவார்கள், அது நிச்சயம்.

இணையச் சேவை நிறுவனம் கொடுத்த ரவுட்டரையே வைத்துக்கொள்வதா, சொந்தமாக வாங்குவதா? நிறுவனத்தின் ரவுட்டருக்கு அவர்களே அப்டேட் அனுப்பினால் அதுதான் சிறந்தது, நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ஆறேழு வருஷப் பெட்டி, அப்டேட் கடைசியாக எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை என்றால் மாற்றுங்கள். 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் கருவிகளில், பெரும்பாலும் வீட்டு, சிறு அலுவலக ரவுட்டர்களில், உட்கார்ந்திருந்தது தெரியவந்து, எல்லோரும் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்று எஃப்பிஐ வேண்டுகோள் விடுத்தது. இந்த முழுக் கட்டுரையிலும் காசு செலவழிக்கச் சொல்லி நான் அழுத்திச் சொல்வது இரண்டே இடம்: அப்டேட் நின்ற ஃபோன், அப்டேட் நின்ற ரவுட்டர்.

டிஎன்எஸ் வடிகட்டியும் என் குட்டிப் பெட்டியும்

தளத்தின் பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடிக் கொடுக்கும் தொலைபேசிப் புத்தகம் மாதிரிதான் டிஎன்எஸ். கெட்ட தளம் என்று தெரிந்த பெயருக்கு எண்ணைக் கொடுக்க மறுத்துவிட்டால், லிங்கைத் தொட்டாலும் பக்கம் திறக்காது. போலி லிங்க் வழியைக் கொஞ்சமாவது மறிக்கும் முதல் ஏற்பாடு இதுதான்.

இலவசமாகச் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். குவாட்9 என்ற லாப நோக்கமற்ற அமைப்பின் எண் 9.9.9.9. தீங்கான தளங்களை மட்டும் தடுக்கும். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020-இல் குடும்பங்களுக்காகத் தொடங்கியதில் 1.1.1.2 தீங்கான தளங்களையும், 1.1.1.3 அவற்றோடு ஆபாசத் தளங்களையும் தடுக்கும். ரவுட்டரின் அமைப்பில் இந்த எண்ணை ஒருமுறை எழுதிவிட்டால் வீட்டுக்கே போய்ச் சேரும். மெமரி கார்டு சாகாது, இரவில் யாரும் ஃபோன் செய்ய மாட்டார்கள்.

ஒரு தப்பை மட்டும் நிறையப் பேர் செய்கிறார்கள், நானும் செய்தேன். ரவுட்டரில் இரண்டு கட்டம் இருக்கும், முதன்மை, இரண்டாவது என்று. முதலில் 1.1.1.3 போட்டுவிட்டு, இரண்டாவதில் பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று கூகுளின் 8.8.8.8-ஐப் போட்டேன். இரண்டாவது என்றால் முதலாவது செத்தால்தான் பயன்படும் என்று நினைத்தேன். பல கருவிகள் அப்படி நடந்துகொள்வதில்லை, எது கிடைக்கிறதோ அதைக் கேட்கும். ஆக வடிகட்டி பாதி நேரம் ஓட்டைப் பானை. 1.1.1.3-க்கு ஜோடி 1.0.0.3, 1.1.1.2-க்கு 1.0.0.2, 9.9.9.9-க்கு 149.112.112.112. ஒரே சேவையின் ஜோடியைத்தான் போட வேண்டும்.

பை-ஹோல் இதைவிட எவ்வளவோ நுணுக்கமானது. எந்தக் கருவி எங்கே போகிறது என்று வரைபடம் காட்டும், விளம்பரங்களை வெட்டும், நம் விருப்பப்படி பட்டியல் வைக்கலாம். தங்கை வீட்டு டிவி, யாரும் பார்க்காத நேரத்திலும் எத்தனை இடத்துக்குத் தகவல் அனுப்ப முயல்கிறது என்று அதில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பொழுதுபோக்காகச் செய்பவருக்கு அருமையான விளையாட்டு. குடும்பத்துக்கு? அதைப் புரிந்தவர் ஒருவர் எப்போதும் வீட்டில் இருந்தால் மட்டும். ஒரு படிவம் திறக்கவில்லை, ஒரு பணப் பக்கம் பாதியில் நிற்கிறது என்றால் காரணம் பட்டியலில் இருக்கிறதா என்று தேட ஒருவர் வேண்டும்.

டிஎன்எஸ் வடிகட்டியின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு வாசலைத் தாண்டி மொபைல் டேட்டாவுக்குப் போனால் ரவுட்டரில் எழுதியது கூட வராது. ஆண்ட்ராய்டு 9-லிருந்து 'தனிப்பட்ட டிஎன்எஸ்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் சேவையின் பெயரை எழுதிவிட்டால் ஃபோன் எங்கே போனாலும் வடிகட்டி கூடவே வரும். உலாவிகள் சில தங்களுக்கென்று தனி டிஎன்எஸ் வைத்துக்கொண்டு நம் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போவதும் உண்டு. இன்று காலை பிறந்த போலித் தளம் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதற்குத்தான் அடுத்த பகுதி.

விபிஎன் பற்றி ஒரு பத்தி. விளம்பரங்களில் சொல்வதைக் கேட்டால் சர்வரோக நிவாரணி மாதிரி இருக்கும். நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதை இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து மறைத்து விபிஎன் நிறுவனத்திடம் காட்டுகிறது, அவ்வளவே. மேலே சொன்ன மூன்று வழியில் ஒன்றைக்கூட அது அடைக்காது. போலிப் பக்கத்துக்கும் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போய் விடும்.

கணக்குகள்

ஒரு நாள் அம்மா மடிக்கணினியோடு வந்தார். "எப்பவும் மெயில்னு போனா பேரும் பாஸ்வேர்டும் தானா வந்து உக்காருமே. இன்னிக்கு வரலப்பா. நீயே அடிச்சுக் குடு." பார்த்தேன். பக்கம் அச்சு அசல், லோகோ, நிறம் எல்லாம். முகவரியில் ஒரே ஓர் எழுத்து அதிகம். ஏதோ மின்னஞ்சலில் வந்த லிங்கைத் தொட்டு வந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால், அவசரத்தில் இருந்திருந்தால் நானும் கவனித்திருக்க மாட்டேன். கவனித்தது, பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானாக நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர்தான். அதற்கு லோகோ தெரியாது, முகவரிதான் தெரியும். முகவரி பொருந்தவில்லை, வாயை மூடிக்கொண்டது. அந்த மௌனத்தை அம்மா கவனித்தார். எந்தக் காசு கொடுத்த மென்பொருளும் அன்று எங்கள் வீட்டில் இல்லை.

இதனால்தான் பாஸ்வேர்டு மேனேஜரை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். எதை எடுப்பது? உலாவியோடும் ஃபோனோடும் வருவது (கூகுளுடையது, ஆப்பிளுடையது) எதுவும் நிறுவ வேண்டாம், மறந்தாலும் ஓடும். வீட்டில் எல்லோரும் ஒரே வகை ஃபோன் வைத்திருந்தால் அதுவே போதும். ஒருவரிடம் ஐஃபோன், இன்னொருவரிடம் ஆண்ட்ராய்டு, கணினியில் விண்டோஸ் என்று கலந்திருந்தால் பிட்வார்டன் போன்ற தனி மேனேஜர் சௌகரியம். தனி மேனேஜர் என்றால் தலைமைப் பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜர் நிறுவனத்திலிருந்து பயனர்களின் பெட்டகப் பிரதிகளையே திருடிக்கொண்டு போனார்கள். பாஸ்வேர்டுகள் பூட்டப்பட்டுத்தான் இருந்தன, ஆனால் தலைமைப் பாஸ்வேர்டு சின்னதாக வைத்தவர்களின் பூட்டை உட்கார்ந்து நிதானமாக உடைக்கலாம்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும் பெரியவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். இணையத்தின் வழியாக வருபவனால் அலமாரியில் இருக்கும் நோட்டைப் படிக்க முடியாது. எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட, வெவ்வேறாக வைத்து நோட்டில் எழுதுவது எவ்வளவோ மேல். போலிப் பக்கத்தில் வாயை மூடிக்கொள்ளும் குணம் மட்டும் நோட்டுக்கு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று என்ற பழைய உபதேசத்தையும் விட்டுவிடலாம். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்டே 2017-இல் அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கசிந்தது தெரிந்தால் மாற்றினால் போதும்.

பாஸ்வேர்டோடு நிற்காமல் போடும் இரண்டாவது பூட்டில் மூன்று ரகம். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி, செயலியில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண், பாஸ்கீ. எஸ்எம்எஸ் சிம்மோடு போவது. வேறொருவர் உங்கள் எண்ணில் மாற்று சிம் வாங்கிவிட்டால் ஓடிபியும் அவருக்கே போகும். செயலியில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு: எண்ணைப் படித்து இன்னொருவரிடம் சொல்லலாம், போலிப் பக்கத்தில் தட்டலாம். பாஸ்கீயில் சொல்வதற்கு எதுவுமே இல்லை. கைரேகை வைத்தால் ஃபோனே தளத்தோடு பேசிக்கொள்ளும், முகவரி தவறு என்றால் பேச மறுக்கும். அதே தத்துவத்தில் இயங்கும் சின்னச் சாவிக் கருவிகளை கூகுள் தன் ஊழியர்கள் 85,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டாயமாக்கியது. அதன்பின் ஒருவரின் அலுவலகக் கணக்கும் போலிப் பக்கத்தில் சிக்கிப் பறிபோனதாகத் தெரியவில்லை என்று 2018-இல் சொன்னது.

எல்லாக் கணக்கிலும் ஒரே நாளில் இதைச் செய்ய உட்கார்ந்தால் அலுத்துப்போகும். முதலில் மின்னஞ்சல். மற்ற எல்லாக் கணக்கின் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' கடிதமும் அங்கேதான் வருகிறது, சாவிக்கொத்து மாட்டிய ஆணி அதுதான். அதற்கு பாஸ்கீ கிடைத்தால் பாஸ்கீ, இல்லாவிட்டால் செயலி. அடுத்தது பணம் சம்பந்தப்பட்டவை. ஃபோன் இல்லாதபோது கணக்கைத் திறக்கத் தரப்படும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சடித்து, முக்கியமான பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். அந்த இடம் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஃபோன் தண்ணீரில் விழுந்த அன்று இந்தத் தாள் இல்லாவிட்டால், திருடனை வெளியே வைத்த அதே பூட்டு உங்களையும் வெளியே வைத்துவிடும்.

பிள்ளைகளும் படங்களும்

பிள்ளைகள் விஷயத்தில் ரவுட்டர் தடுப்பை நம்பாதீர்கள், மொபைல் டேட்டாவுக்கு ஒரு தட்டுதான் தூரம். சின்னப் பிள்ளைகளின் ஃபோனுக்கு ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க், ஐஃபோனில் ஸ்கிரீன் டைம். இரண்டும் இலவசம், ஃபோனோடு கூடவே போகும். புதுச் செயலி போட அனுமதி கேட்க வைப்பது அவற்றின் மிகப் பெரிய பயன், நேரக் கட்டுப்பாடெல்லாம் அடுத்துத்தான். பதினாலு பதினைந்து வயதைத் தாண்டியவர்களிடம் உளவுச் செயலி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: பிள்ளையின் செய்தி, படம், இருப்பிடம் எல்லாம் யாரென்று தெரியாத ஒரு நிறுவனத்தின் சர்வரில் போய்ச் சேர்கிறது. அந்த வயதில், மோசடிச் செய்தி வந்தால் திட்டு விழாது என்று தெரிந்திருந்தால் அவர்களே கொண்டுவந்து காட்டுவார்கள்.

குடும்பப் படங்களுக்குப் பிரதி எடுப்பதில், கிளவுட் தானாக ஓடும், வெளி ஹார்டு டிஸ்க் நினைவு வைத்துச் செய்ய வேண்டும். என் அளவுகோலில் கிளவுட்தான் ஜெயிக்கிறது. ஹார்டு டிஸ்க்கையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எப்போதும் கணினியிலேயே சொருகி வைத்திருந்தால் பிணைப்பணத் தீநிரல் அதையும் சேர்த்துத்தான் பூட்டும். எடுத்ததும் கழற்றி அலமாரியில்.

இப்போது தங்கை வீட்டில் இருப்பது இவ்வளவுதான்: புது அட்மின் பாஸ்வேர்டு போட்ட ரவுட்டர், அதில் 1.1.1.3-உம் ஜோடியும், பல்புகளுக்குத் தனி வைஃபை, ஆளுக்கொரு பாஸ்வேர்டு மேனேஜர், மின்னஞ்சலுக்கு பாஸ்கீ. சந்தா எதுவும் இல்லை. பெற்றோர் மட்டும் இருக்கும் வீடாக இருந்திருந்தால் 1.1.1.3-க்குப் பதிலாகக் குவாட்9 போட்டிருப்பேன், மற்றதெல்லாம் அதேதான். ரவுட்டர் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். 'நெட் வராவிட்டால் இதை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போடவும். அப்போதும் வராவிட்டால் சேவை நிறுவனத்துக்கு ஃபோன் செய்யவும்.' என் எண் அதில் இல்லை.

குட்டிப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். புது கார்டு போட்டு, என் மேசைக் கணினிக்கு மட்டும் வைத்திருக்கிறேன். பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டுதான் இருக்கிறது.